வன்னிச்சியும் பெர்மிற் காணியும்

வன்னியின் வீரம் என்றதும் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் பெயரே நம் நாவில் எழும். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, ஒல்லாந்தர் வன்னியை அடக்க வந்தபோது, அவர்களைக் கடுமையாக எதிர்த்து நின்றவள் ஒரு வன்னிச்சி. அவளை மரியா செம்பத்தே என்று குறிக்கும் எமர்சன் தெனன்ற், ஒல்லாந்தர் அவளைச் சிறைபிடித்துக் கொழும்புக் கோட்டையில் அடைத்தனர் என்று 1859இல் வெளிவந்த தமது நூலில் எழுதியுள்ளார்.

அவள் பிறந்த மண்ணிலே பிற்காலத்துப் பெண்பிள்ளையின் நிலை என்ன? வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குடியேற்றங்களில் காடு வெட்டிக் கமஞ் செய்தோருக்கு 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழே பெர்மிற் கிடைத்தது. பின்னுரித்தாளியின் பெயரை எழுதிவையாது தாய் தந்தையர் இருவரும் மறைந்தால், அச்சட்டப்படி மகனுக்கே முதலிடம். அவன் இளையவனாயினும் அவனுக்குப் பின்னரே தமக்கையின் முறை. வயலிலே குருவி விரட்டியவளும் களை பிடுங்கியவளும் அவள்தான்; பெரியபிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை விட்டு மறிக்கப்பட்டு, தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்தவளும் அவள்தான்.

“அவளுக்குத்தான் சீதனம் உண்டே” என்பர் நம் பெரியோர். மெய்தான். 1707இல் தொகுக்கப்பெற்ற தேசவழமை சீதனத்தைப் பெண்ணுக்கே உரித்தாக்கிற்று. ஆயின் அதை விற்கக் கணவன் சம்மதத்தையும் வேண்டிற்று. பெர்மிற் காணியையோ விரும்பியபடி துண்டாடிச் சீதனமாக எழுதவும் இயலாது.

2009இல் யுத்தம் முடிந்தபோது வன்னியிலே எத்தனையோ வீடுகளுக்குப் பெண்களே தலைவியர். சட்டத்தின் அந்த அட்டவணையோ 2022இல்தான் ஆண் பெண் பேதமின்றித் திருத்தப்பட்டது. எனினும் முன்னரே எழுதிவைத்த பெயரை அத்திருத்தம் மாற்றாது. ஆகவே அன்பர்கள், தத்தம் பெட்டியிலுள்ள பெர்மிற்றை எடுத்து, பின்னுரித்தாளி என்னுமிடத்தில் எந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறதென்று ஒருமுறை பார்ப்பார்களாக.