மின்சார ரயிலும் அதனைப் பார்த்த கண்களும்

ரயில் வண்டியை வேடிக்கை பார்ப்பது சிறுவர்க்குரிய விளையாட்டு என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. ஆயினும், எஞ்சினின் எண்ணையும் பெட்டிகளின் அமைப்பையும் குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இங்கிலாந்தில் ஒரு தனிப் பொழுதுபோக்காகவே வளர்த்துவிட்டார்கள். அந்நாட்டின் தெற்கு ரயில்வேயில் பணியாற்றிய இயன் ஆலன் என்ற இளைஞர் 1942ஆம் ஆண்டில் எஞ்சின் எண்களைத் தொகுத்துச் சிறு நூலொன்றை வெளியிட்டார். அத்தகைய நூல்களைக் கையில் ஏந்தி, பிளாட்பாரத்தின் முனையில் சிறுவர்கள் காத்து நின்றனர். நம் நாட்டில் இவ்வாறு உற்றுநோக்கும் கண்களுக்குப் பெருவிருந்து அளித்த நகரம், இன்று மும்பை என வழங்கும் பம்பாய் ஆகும்.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி போரி பந்தரிலிருந்து தாணா வரை 34 கிலோமீட்டர் தூரம் ஓடிய முதல் பயணிகள் ரயிலை நீராவி எஞ்சின்கள் மூன்று இழுத்துச் சென்றன. எழுபது ஆண்டுகளுக்குப் பின் அந்நகரின் நிலை முற்றிலும் மாறிவிட்டது. கடலால் சூழப்பட்ட குறுகிய தீவில் ஆலைகளும் துறைமுகமும் அலுவலகங்களும் பெருகின. வேலை தெற்கே இருக்க, வீடு வடக்கு நோக்கி நகர்ந்தது. நீராவி ரயிலோ புறப்பட்டு வேகம் பிடிக்க நேரமாகும். முடிவிடம் சேர்ந்ததும் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரையில் அந்தத் தண்டவாளம் வேறு வண்டிக்குப் பயன்படாது. புதிதாகப் பாதை போட நிலம் இல்லாத இடத்தில், இருக்கும் பாதையிலேயே மிகுதியான வண்டிகளை ஓட்டுவதற்கு மின்சாரமே வழியாயிற்று.

1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி, விக்டோரியா டெர்மினஸ் நிலையத்திலிருந்து துறைமுகப் பாதை வழியாகக் குர்லா வரை இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. பம்பாய் கவர்னர் சர் லெஸ்லி வில்சன் அதனைத் தொடங்கிவைத்தார். ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரம்; 1,500 வோல்ட் நேர்மின்சாரம்; நான்கே பெட்டிகள். பார்த்தவர்களுக்கு முதலில் தோன்றிய வியப்பு யாதெனில், வண்டியின் முன்னால் எஞ்சின் என்று தனியாக ஒன்றும் இல்லை என்பதே. பெட்டியின் அடியிலேயே மோட்டார் இருந்தது. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருந்தமையால், முடிவிடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை; ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து சென்றாலே போதும். புகையும் இல்லை, கரித்தூளும் இல்லை. கூரை மேல் இருந்த சட்டம் ஒன்று எழும்பிக் கம்பியைத் தொட்டு மின்சாரத்தை வாங்கிக் கொண்டது.

1928ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்குப் பாதையில் கொலாபாவுக்கும் போரிவிலிக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. 1929இல் பூனா வரையிலும், 1930இல் இகத்புரி வரையிலும் மேற்குத்தொடர்ச்சி மலை ஏறி மின்கம்பி சென்றது. 1930 ஜூன் 1ஆம் தேதி பிறந்த ‘டெக்கான் குவீன்’ இவ்வழியின் அணிகலன் ஆயிற்று. மலைப்பாதையில் சரக்கு இழுத்த எஞ்சின் ஒன்றின் நீண்ட மூக்கைப் பார்த்து, ரயில் ரசிகர் அதனை முதலை என்றனர். ஓட்டியவர்களோ ‘கேக்டா’, அதாவது நண்டு என்றனர். பார்ப்பவர் கண்ணும் பழகியவர் கண்ணும் ஒன்றையே இருவிதமாகக் காண்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

பம்பாய்க்கு அடுத்தபடியாக மின்சாரப் புறநகர் ரயிலைக் கண்டது நம் சென்னை. 1931ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி முதல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே, மீட்டர் கேஜ் பாதையில், அதே 1,500 வோல்ட் மின்சாரத்தில் வண்டிகள் ஓடின. ஆகவே, பிழைப்பை நாடிப் பம்பாய் சென்ற சென்னைவாசிக்கு மின்சார ரயில் புதிய பொருளன்று. அங்குள்ள அகலப் பாதையும் அகன்ற பெட்டியும் கூட்டமுமே புதியவை. கோட்டைப் பகுதி அலுவலகங்களில் கணக்கும் தட்டெழுத்தும் பார்த்த தமிழர் பலர் மாட்டுங்காவில் குடியேறினர். அங்கே 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. நாள்தோறும் குறித்த நேரத்தில் வந்து போகும் வண்டியின்றி, தொலைவில் வேலையும் ஓரிடத்தில் சமூகமுமாக இவ்வாறு வாழ்ந்திருத்தல் அரிதாகியிருக்கும்.

அந்தப் பழைய முறை இன்று இல்லை. 25,000 வோல்ட் மாறுமின்சாரமே நாட்டிற்கு ஏற்றதென 1950களின் இறுதியில் முடிவாயிற்று. அழுத்தம் மிகுந்தால் மின்னோட்டம் குறையும். மெல்லிய கம்பி போதும். துணைமின்நிலையங்களும் தொலைவில் ஒன்றாக இருந்தால் போதும். சென்னைப் பாதை 1960களிலேயே மாறிற்று. மீட்டர் கேஜ் வண்டிகள் 2004இல் விடைபெற்றன. முதன்முதலில் மின்சாரம் கண்ட பம்பாய்த் துறைமுகப் பாதையோ 2016 ஏப்ரல் வரை நேர்மின்சாரத்திலேயே இயங்கியது. பழைய எஞ்சின்களில் சிலவற்றையே டில்லி ரயில் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் காணலாம். அவற்றுள் ஒன்று சர் லெஸ்லி வில்சனின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இரும்பைக் காட்சிசாலை காக்கும். ஆனால், அவ்வண்டி புறப்படும்போது எழுந்த ஓசை, மழைநாளில் கம்பியில் தெறித்த நீலப் பொறி, எந்தப் பெட்டியில் எவ்வூரார் கூடினர் என்ற செய்தி ஆகியவற்றை அரசாங்க அறிக்கைகளில் தேடினால் கிடைப்பது அரிது. அவை பார்த்தவரின் நினைவில் மட்டுமே உள்ளன. அந்நினைவும் ஒரு தலைமுறையோடு மறையக் கூடியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் வாழும் தமிழ் அன்பர்கள், தம் வீட்டு முதியோரிடம் அவர்கள் ஏறிய வண்டிகளைப் பற்றிக் கேட்டு, ஆண்டும் இடமும் சேர்த்துத் தமிழில் எழுதி வைப்பார்களாயின், நம்மவர் வந்து குடியேறிய வரலாற்றுக்கும் அது நல்ல சான்றாக அமையும்.