கவிஞரும் மூன்று முயல்களும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களை நாம் அறிவோம். மூன்று முயல்களைத் துணையாகக் கொண்டு வாழ்வின் இருண்ட நாட்களைக் கடந்த ஒருவரைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அவர்தாம் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர்.

கூப்பருக்கு இளமையிலேயே மனநோய் கண்டது. 1763-ஆம் ஆண்டில் அது முற்றி, செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் டாக்டர் காட்டன் நடத்திய விடுதியில் சிகிச்சை பெற்றுத் தேறினார். 1773-இல் நோய் மீண்டும் வந்தது. ஆண்டவனே தம்மைக் கைவிட்டுவிட்டான் என்ற எண்ணம் நெஞ்சில் ஆணியாய் இறங்கிவிட்டது. புத்தகமும் பிடிக்கவில்லை, மனிதர்களும் பிடிக்கவில்லை.

அப்போது அவர் ஆல்னி என்னும் சிற்றூரில் வசித்தார். அண்டை வீட்டுக் குழந்தைகள் ஒரு முயல் குட்டி வளர்த்தார்கள். விளையாட்டு அலுத்ததும் அதைக் கவனிப்பாரில்லை, இளைத்துத் துரும்பாயிற்று. 1774-இல் அவர்களுடைய தந்தை அதைக் கவிஞரிடம் கொடுத்தார். செய்தி பரவியதுதான் தாமதம், ஊரார் ஆளுக்கொரு முயலோடு வந்து நின்றார்கள்! அவர் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். பெயர்கள் புஸ், டைனி, பெஸ். இவற்றில் இரண்டு பெண் பெயர்கள். முயல்களோ மூன்றும் ஆண்!

பேனா பிடித்த கை உளி பிடித்தது. முயல்கள் உறங்கக் கூடுகளைத் தாமே செய்தார். புஸ் நோயுற்றபோது தனியே வைத்து, தழைகளை மாற்றி மாற்றி ஊட்டினார். பிழைத்தெழுந்த புஸ் அவர் கையை விரல் விரலாக நக்கியது. டைனிக்கும் அதே சிசுருஷைதான்; அது உறுமிற்று, முன்காலால் அடித்தது, கடித்தது. அதனிடமும் அவருக்கு அன்பு குறையவில்லை. இவற்றையெல்லாம் 1784-இல் ஒரு பத்திரிகையில் அவரே எழுதினார்.

முயல்கள் அவர் நோயைத் தீர்த்தனவா? இல்லை. நோய் பின்னும் வந்தது. 1800-இல் அவர் இறந்தது மனத்துயரோடுதான். ஆனால் புஸ் பன்னிரண்டு வயதை நெருங்கும்வரை அவரோடு வாழ்ந்தது. அத்தனை ஆண்டுகளும், விடிந்தால் தம்மை எதிர்பார்த்து ஓர் உயிர் காத்திருக்கிறது என்ற நினைவு அவருக்கு இருந்தது. அது சிறிய விஷயமா?

மனநோயாளிகளை மிருகங்களைப் போலச் சங்கிலியில் பிணைத்த காலம் அது. யார்க் நகரத்து மனநோய் விடுதியொன்றில் 1790-இல் குவேக்கர் சமயப் பெண்மணி ஒருவர் இறந்தார். அவரைப் பார்க்கச் சென்ற சமயத்தாருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த வேதனை வில்லியம் ட்யூக் என்னும் தேயிலை வியாபாரியை உலுக்கிற்று. அவருடைய முயற்சியால் 1796-இல் 'ரெட்ரீட்' என்ற விடுதி எழுந்தது. அங்கே சங்கிலி இல்லை. நோயாளிகள் உலாவும் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் வல்லூறுகளும் இருந்தன. அவற்றோடு பழகினால் உறங்கிக் கிடக்கும் அன்பு விழிக்கும் என்பது நம்பிக்கை. ட்யூக்கின் பேரர் சாமுவேல் 1813-இல் வெளியிட்ட நூலில் இதைச் சொல்கிறார்.

மருந்தும் மருத்துவரும் செய்ய வேண்டியதை முயல் செய்யாது. ஆனால் நோயாளியை எல்லாரும் பிறர் கையை எதிர்பார்ப்பவராகவே பார்க்கிறோம். முயல் மட்டும் அவர் கையை எதிர்பார்க்கிறது. உலகத்துக்குத் தாம் இன்னும் வேண்டியவரே என்பதை அதைவிட எளிதாக யாரால் சொல்ல முடியும்?