செல்ஃப் எடுக்கல: நிறுத்தி வைத்த லாரியின் பேட்டரி எப்படி இறங்குகிறது?

இன்றைக்கு ஒரு வார்த்தையிலிருந்து தொடங்கலாம். அதைத் தமிழ் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவீர்கள். ஆனால் நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் அது தமிழ்தான்: "செல்ஃப்". "செல்ஃப் எடுக்கல", "செல்ஃப் அடிச்சுப் பாருப்பா", "செல்ஃப் மோட்டார் போயிடுச்சு". ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்பதன் மிச்சம் இது. ஆள் தொடாமல் வண்டி தானே கிளம்புவது ஒரு காலத்தில் அவ்வளவு பெரிய அதிசயம், அதான் பேரே அப்படி ஒட்டிக்கொண்டது.

இன்றைய கேள்வி ரொம்பச் சின்னது. நேற்று ராத்திரி வரைக்கும் நன்றாக ஓடிய லாரியை ஓரம் கட்டி நிறுத்துகிறார்கள். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரி காலி. லோடு நேரத்துக்குப் போய்ச் சேராது. ஓனர் போனில் முதலில் கேட்பது, "நைட் பூரா பாட்டுக் கேட்டியா?" என்றுதான். புது பேட்டரி செலவு பல இடங்களில் டிரைவர் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்தக் குற்றச்சாட்டு சரிதானா என்று பார்க்க நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

லெட்-ஆசிட் பேட்டரியை 1859-இல் பிரான்ஸில் காஸ்தோன் பிளாந்தே செய்தார். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்தால் மின்சாரத்தைச் சேமிக்கலாம், தீர்ந்ததும் திரும்ப ஏற்றலாம். இன்று லாரியில் இருப்பதும் அடிப்படையில் அதே சரக்குதான். ஆனால் ஆரம்பகாலத்து மோட்டார் வண்டியைக் கிளப்ப பேட்டரி தேவைப்படவில்லை. முன்னால் ஹேண்டில் போட்டு, கையால் சுற்றிக் கிளப்பினார்கள். நம் பழைய சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பார்க்கத்தான் வேடிக்கை. எஞ்சின் ஒரு நொடி தப்பாக வெடித்தால் ஹேண்டில் எதிர்ப்பக்கம் திரும்பி மணிக்கட்டில் அடிக்கும். அப்படி உடைவதற்கு மருத்துவத்தில் ‘ஷோஃபர்ஸ் ஃபிராக்சர்’ என்றே பெயர் இருக்கிறது. ஆக, டிரைவர் பெயரில் ஒரு எலும்பு முறிவு!

இதை மாற்றியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன்பு கடைகளில் கல்லாப்பெட்டியாக வைக்கிற கேஷ் ரெஜிஸ்டருக்கு மின்மோட்டார் செய்தவர். அங்கே அவருக்குப் பிடிபட்ட விஷயம்: சில நொடிகள் மட்டும் வேலை செய்யும் மோட்டார் சின்னதாக இருந்தாலும் போதும், அந்த நேரத்துக்கு அதை முரட்டுத்தனமாக வேலை வாங்கலாம். 1912-ஆம் வருஷ கேடிலாக் காரில் அவருடைய ஸ்டார்ட்டர் வந்தது. அதே சாதனம் எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜும் செய்தது, விளக்குக்கும் மின்சாரம் கொடுத்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். எஞ்சினைக் கிளப்ப வந்த பேட்டரியின் தலையில் முதல் நாளிலேயே வேறு வேலைகளும் ஏறிவிட்டன. அதற்கப்புறம் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன.

நின்ற வண்டியில் பேட்டரி இறங்குவதும் அப்போதிருந்தே உண்டு. டைனமோ காலத்தில் ‘கட்-அவுட்’ என்று ஒரு சின்ன ரிலே இருக்கும். எஞ்சின் நின்றதும் பேட்டரிக்கும் டைனமோவுக்கும் இடையே இணைப்பை அது அறுத்துவிடும். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் போச்சு, பேட்டரியிலிருந்து மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயும். 1960-இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்தது. மெல்ல எல்லா வண்டிகளும் அந்தப் பக்கம் போயின. கட்-அவுட் வேலையை டயோடுகள் எடுத்துக்கொண்டன. டயோடு கெட்டுப்போனால் பழைய கதை புது வேஷத்தில் வரும். சில வகை ஆல்டர்னேட்டரில் நின்ற வண்டியிலேயே ஃபீல்டு காயிலுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எஞ்சின் சில்லென்று இருந்து, ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் திருடன் அங்கேதான்.

இப்போது நம் லாரிக்கு வருவோம். டீசல் எஞ்சினில் காற்றை ரொம்ப அழுத்த வேண்டும், சுற்றிவிட அதிக பலம் வேண்டும். அதனால் கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்குவார்கள். இங்கேதான் பாட்டு உள்ளே வருகிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் மியூசிக் சிஸ்டம் காருக்கானது, 12 வோல்ட். ஆகவே இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு ஒயர் இழுத்து, ஒரே பேட்டரியிலிருந்து பாட்டு, போன் சார்ஜர், சின்ன ஃபேன் எல்லாம் ஓடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரி 150 ஆம்பியர்-ஹவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு 2 ஆம்பியர் எடுத்தால் நாலு மணி நேரத்துக்கு 8. அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு சொச்சம். நல்ல பேட்டரியை அது ஒன்றும் செய்யாது. ஹெட்லைட்டை மறந்து எரியவிட்டால் கதை வேறு: இரண்டு 70 வாட் பல்பு சேர்ந்து கிட்டத்தட்ட 6 ஆம்பியர், பத்து மணி நேரத்தில் 60 போய்விடும். ஓனர் சொல்கிற மாதிரி ஒரே ராத்திரியில் பாட்டு பேட்டரியைக் கொல்வதில்லை.

ஆனால் பாட்டை முழுசாக விடுவிக்கவும் முடியாது. நடுவில் இழுத்த அந்த ஒயர் மாதக்கணக்கில் வேறொரு வேலை செய்கிறது. ஆல்டர்னேட்டருக்கு இரண்டு பேட்டரியும் சேர்ந்த மொத்த வோல்டேஜ்தான் தெரியும். தினமும் கறக்கப்படும் பேட்டரி முழுசாக நிரம்புவதே இல்லை, அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிகிறது. பக்கத்துப் பேட்டரிக்கோ அளவுக்கு மீறி ஏறி, தண்ணீர் கொதித்து வற்றுகிறது. ஒன்று எப்போதும் வீக், இன்னொன்று எப்போதும் தண்ணி கேட்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடு ஒயர் என்று சொல்லிவிடலாம். வீக் ஆனதை மட்டும் மாற்றிவிட்டு, அடுத்த வருஷம் கம்பெனியைத் திட்டுகிறார்கள். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வைத்தால் இது தீரும். அதன் விலை புது பேட்டரியோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. இந்தச் செலவை டிரைவர் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வண்டியிலேயே தூங்குகிற ஆளுக்கு ஃபேனும் போன் சார்ஜும் ஆடம்பரமா என்ன?

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது நெடுஞ்சாலை ஓரத்திலும் ஃபேக்டரி வாசலிலும் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. நம் வெயிலில் சும்மா இருக்கும் பேட்டரியே மெதுவாக இறங்கும், சூடு ஏற ஏற வேகமாக இறங்கும். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 1-இல், பிஎஸ்-6 நடைமுறைக்கு வந்தது. இந்த வண்டிகளில் எஞ்சினை அணைத்தாலும் எல்லாம் அணைவதில்லை. புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசலைக் குழாயிலிருந்து திரும்ப இழுக்க, சாவியை எடுத்த பிறகும் ஒன்றிரண்டு நிமிஷம் பம்ப் ஓடும். அது முடிவதற்குள் கட்-ஆஃப் ஸ்விட்சைத் திருப்பினால் யூரியா குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ‘இறங்கினதும் மெயினை ஆஃப் பண்ணு’ என்ற பழைய நல்ல பழக்கத்துக்கு இப்போது கொஞ்சம் பொறுமை தேவை.

கட்-ஆஃப் பண்ணினாலும் ஒன்று விழித்திருக்கும்: ஜிபிஎஸ். டிரைவர் அணைத்துவிடக் கூடாது என்று பல வண்டிகளில் அதை நேராகப் பேட்டரியிலேயே இணைக்கிறார்கள். ஒழுங்காகத் தூங்கும் கருவி சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். தூங்காத கருவி, கூடவே ஏதோ ஒரு ஈரமான கனெக்டர், எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12. ஒரு வாரம் நின்றால் 84, பாதிக்கு மேல் காலி! டிரைவரைக் கண்காணிக்க ஓனர் வைத்த கருவியே பேட்டரியைக் குடித்துவிட்டு, பழி பாட்டுமேல் விழுகிற வாய்ப்பும் இருக்கிறது. (சிலர் ஃபாஸ்டாக் மேலும் சந்தேகப்படுகிறார்கள். பாவம் அது. அதற்கு ஒயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. டோலில் இருக்கிற ரீடர் அனுப்பும் அலையிலேயே உயிர் பிழைக்கிறது.)

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பேசிய ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரிஷியன் முதலில் வண்டியைத் தொடவே மாட்டார். இரண்டு பேட்டரியையும் முழு சார்ஜ் பண்ணி, மேலே படிந்த ஆசிட் ஈரத்தையும் தூசியையும் துடைத்து, கழற்றித் தனியாக ஒரு ராத்திரி வைப்பார். அந்த ஈரத்தின் வழியாகவே ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு மின்சாரம் கசியும் என்பதால்தான் துடைப்பது. காலையில் தனியாக இருந்தே இறங்கியிருந்தால் பேட்டரி கோளாறு. இறங்கவில்லையா, வண்டியில்தான் ஓட்டை. எஞ்சின் ஓடும்போது சுமார் 28 வோல்ட் வருகிறதா என்று பார்த்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஓட்டையைத் தேட முன்பெல்லாம் நெகட்டிவ் ஒயரை முனையில் உரசிப் பார்ப்பார்கள், தீப்பொறி வந்தால் லீக். பேட்டரி மேல் ஹைட்ரஜன் வாயு இருக்கும் என்பதால் அது எப்போதுமே ஆபத்தான வேலை. இப்போது அது பொய்யும் சொல்கிறது. கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நிரம்பும்போது, லீக் இல்லாத வண்டியிலும் பொறி பறக்கும். அதனால் அந்த ஒயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, பெட்டிகள் எல்லாம் தூங்கும்வரை காத்திருக்க வேண்டும். சில வண்டிகளில் அதற்கே அரை மணி ஆகலாம். மீட்டர் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது. பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ, அந்த ஒயரைத் தொடர்ந்து போனால் ஆள் அகப்படுவான். எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் எண் விழவில்லை என்றால், ஃபியூஸ் வழியாகப் போகாத இரண்டு ஒயர்கள் பாக்கி இருக்கும்: ஆல்டர்னேட்டருக்குப் போவது ஒன்று, யாரோ நேராகப் பேட்டரியில் முறுக்கிவிட்டுப் போனது இன்னொன்று.