நிலமும் பொழுதும்: ரண்பீர் கலேகாவின் காணொளி ஓவியங்கள்

வருசநாட்டு மலைகளில் தோன்றும் வைகையை வரையும் ஓவியர், கோடை மணலையோ மழைக்கால வெள்ளத்தையோ தேர்ந்தாக வேண்டும். ஒரு படத்தில் ஒரு பொழுதுதான் அடங்கும். தொல்காப்பியமோ நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது.

பொழுதை ஓவியத்தில் கொண்டுவரும் முயற்சி பழையது. பிரான்சின் கிளாட் மோனே 1890–91இல் வைக்கோற்போர்களை வெவ்வேறு வெளிச்சங்களில் தனித்தனிப் படங்களாக வரைந்தார். இங்கிலாந்தின் டேவிட் ஹாக்னி 2010–11இல் யார்க்ஷயர் காட்டுப் பாதையின் 4 பருவங்களை 9 கேமராக்களால் பதிவுசெய்தார். அதே பாதையை ஐபேடிலும் வரைந்தார்.

இந்தியாவில் இதற்கு வேறு வழி கண்டவர் ரண்பீர் கலேகா. 1953இல் பஞ்சாபின் பாட்டியாலாவில் பிறந்த இவர், சண்டிகரிலும் லண்டன் ராயல் கலைக் கல்லூரியிலும் பயின்றார். இவர் ஓவியத்தையும் காணொளியையும் ஒரே கித்தானில் இணைத்தார். காட்சி வண்ணத்தில் வரையப்படும். கணினியில் தொகுத்த காணொளி, வரைந்த உருவத்தோடு பொருந்துமாறு அதன்மேல் ஒளியாக வீழ்த்தப்படும்.

1998–99இல் உருவான ‘ஊசியில் நூல் கோர்க்கும் மனிதன்’ என்னும் படைப்பில் வரைந்த மனிதன் மூச்சுவிடுவதுபோல் தோன்றுகிறான். 2005இல் வந்த ‘கடவைகள்’ 4 கித்தான்களில் 4 காணொளிகளாக விரிந்தது. 2009இன் ‘காடு’ நிலக்காட்சியையே களமாகக் கொண்டது.

ஒளிவீழ்த்தி சற்று விலகினாலும் ஓவியமும் காணொளியும் பிரிந்துவிடும். அதை அணைத்தால் கித்தானில் நிலம் எஞ்சும், பொழுது போய்விடும். அச்சிட்ட படத்தில் இக்கலை முழுமையாக அகப்படாததற்கு இதுவே காரணம்.