படுக்கையைச் சுருட்டுங்கள்!

கஷ்ட காலத்தில் 'தைரியமாக இரு' என்று சொல்வது சுலபம். எப்படி இருப்பது என்பதல்லவா கேள்வி?

1915-இல் ஷாக்கில்டனின் 'எண்டூரன்ஸ்' கப்பல் அண்டார்டிகாவின் பனிக்கட்டியில் நசுங்கி மூழ்கியது. தப்பிய 28 பேரும் மறு வருஷம் ஏப்ரலில் எலிபெண்ட் தீவில் கரையேறினார்கள். உதவி தேடி ஷாக்கில்டன் ஐந்து பேருடன் சிறு படகில் புறப்பட்டார். மற்ற 22 பேருக்கும் கவிழ்த்த படகுகளே வீடு. பிராங்க் வைல்ட்தான் பொறுப்பாளர்.

"இன்று தலைவர் வரலாம், படுக்கையைச் சுருட்டுங்கள்" என்று காலையில் சொல்வது வைல்டின் வழக்கம். சுருட்டினார்கள்; மாலையில் மறுபடி விரித்தார்கள். இப்படியே நான்கு மாதம்! 1916 ஆகஸ்ட் 30-இல் கப்பல் வந்தது. பனியில் கெட்டுப்போன கால்விரல்களை வெட்டியெடுத்த இளைஞன் உள்பட அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

தலைவர் வருவாரென்று வைல்டுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் சுருட்டச் சொன்னார். மனம் சோர்ந்தாலும் கைக்கு வேலை இருக்கட்டும். மனம் பின்னாலேயே வந்து சேரும்.