தஞ்சாவூருக்கு முக்கால் மணி நேரம் போதாது

பொங்கல் முடிந்ததும் நம் குடியிருப்பிலிருந்து சோழநாட்டுக் கோயில்களுக்கு வேன் போகிறது. வாட்ஸப் குழுவில் வந்த பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளில் பத்தொன்பது கோயில்கள், தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முக்கால் மணி நேரம். நந்தி முன்னால் ஒரு போட்டோ, பெருவுடையார் தரிசனம், உடனே வண்டி ஏற வேண்டியதுதான். பட்டியல் இன்னும் முடிவாகவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

விமான நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்வார்கள். காலையில் போனால் விழுவதை நீங்களே பார்க்கலாம். அண்ணாந்து பார்ப்பதோடு நிற்காமல் கொஞ்சம் குனிந்து அடித்தளத்தையும் பாருங்கள். சுற்றிலும் வரிவரியாக எழுத்து. இந்தக் கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்றுதான் தலபுராணம் சொல்லிவந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த வரிகளைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் உறுதியானது. தன் 25-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சிக்குக் கலசம் கொடுத்ததையும் அவன் பதிய வைத்திருக்கிறான்.

தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னவன் அவன். நகைகளை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர்தான்.

பேங்கில் லெட்ஜர் எழுதிய கை என்பதால் என்னைப் பிடித்து நிறுத்தியது வட்டிக் கணக்கு. கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காசுக்கு வருஷ வட்டி அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். நெல்லாகக் கொடுத்தால் மூன்று குறுணி. காசுக்கு இரண்டு கலம் நெல் என்பது விலை. கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி என்றால் இரண்டு கலத்துக்கு இருபத்துநான்கு, அதில் எட்டில் ஒன்று மூன்று. பணமாகக் கட்டினாலும் நெல்லாகக் கட்டினாலும் வட்டி ஒன்றுதான். அசலைத் திருப்பிக் கேட்பதே இல்லை. சந்திர சூரியர் உள்ளவரை வட்டி மட்டும் வந்துகொண்டிருக்கும். சுவாமியின் மஞ்சன நீரில் போட ஏலரிசி, செண்பக மொட்டு, இலாமச்சை வேர் எல்லாம் இப்படிப்பட்ட வட்டியில் வாங்கியவைதான்.

விளக்குக் கணக்கு இன்னும் சுவாரசியம். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சோழர் கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. கிழடானாலும் செத்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பியாக வேண்டும். காமர்ஸ் படித்தவர்களுக்குச் சொல்கிறேன், தேய்மானம் எழுத இடமே இல்லாத சொத்து!

நம் அசோசியேஷன் ரெஜிஸ்டர் மாதிரியும் ஒன்று உண்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களைத் தெரு, சிறகு, எத்தனையாவது வீடு என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஒருவருக்குப் பங்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ராஜாக்கள் பெயர் எப்படியும் நிலைத்துவிடும். ஆடினவர், ஆடு மேய்த்தவர் பெயரெல்லாம் ஆயிரம் வருஷம் கழித்தும் படிக்கக் கிடைக்கிறதே, அதற்காகவாவது நின்று பார்க்க வேண்டாமா?

என் யோசனை இதுதான். முதல் நாள் காலை ஆறு மணிக்கே பெரிய கோயிலுக்குள் போய்விடுவோம். பதினொரு மணிக்கு மேல் கல்தரை காலைச் சுடும், பெரியவர்கள் சாக்ஸ் எடுத்துவரலாம். பிற்பகலில் தாராசுரம், ராத்திரி கும்பகோணத்தில் தங்கல். மறுநாள் ராஜேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அங்கேயும் காலையிலேயே போய்விட வேண்டும். மூன்றாம் நாள் கும்பகோணத்துக் கோயில்கள். நவக்கிரகத் தலங்களைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளலாம், அவை ஒன்றுக்கொன்று தூரம்.

இதற்குச் சம்மதம் என்றால் வேனுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். அந்த எழுத்தில் க, ட, ப மூன்றும் அவர்களுக்கே அடையாளம் தெரியும்.