காகிதத்தில் நடந்த போர்

'ஜி ஷாங் தான் பிங்' என்பது, சீனத்தில் 'செங்யு' எனப்படும் நான்கெழுத்து மரபுத்தொடர்களுள் ஒன்று. காகிதத்தில் போரைப் பேசுதல் என்பது அதன் நேர்ப்பொருள்; நூலறிவு நிரம்பியிருந்தும் களத்தில் அதனைப் பயன்படுத்தத் தெரியாதவரை, தமிழர் ஏட்டுச் சுரைக்காய் என்பதுபோல, சீனர் இத்தொடரால் சுட்டுகின்றனர்.

தொடர் பழிக்கும் மனிதர், கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வடசீனத்து ஜாவோ நாட்டில் வாழ்ந்த ஜாவோ குவோ. போர்நூல்களைக் கரைத்துக் குடித்திருந்த அவரை விவாதத்தில் மடக்கத் தளபதியான தந்தை ஜாவோ ஷேயாலும் இயலவில்லை. ஆயினும் உயிர்கள் மடியும் செயலை மகன் எளிதாகப் பேசுகிறான் என்றும், அவனைத் தளபதியாக்கினால் ஜாவோ படை அழியும் என்றும் தந்தை மனைவியிடம் கூறியதாக, ஸிமா சியென் எழுதிய 'ஷிஜி' என்னும் வரலாற்று நூல் குறிப்பிடுகிறது.

ஷாங்தாங் பகுதிக்காகச் சின் நாட்டுடன் மூண்ட பகை, இன்றைய ஷான்சி மாகாணத்துக் காவ்பிங் நகரை அடுத்த சாங்பிங்கில் நெடும்போராக நீண்டது. முதிய தளபதி லியன் போ அரண்களை விட்டு வெளிவராமல் எதிரியைச் சோர்வடையச் செய்ய முயல, பொறுமையிழந்த மன்னன், சின் அஞ்சுவது ஜாவோ குவோ ஒருவருக்கே என்று பகைவர் பொன் கொடுத்துப் பரப்பிய வதந்தியை நம்பி, கி.மு. 260-இல் தளபதியை மாற்றினான். அமைச்சர் லின் சியாங்ரு தடுக்க முயன்றார். பெற்ற தாயே, தன் கணவர் அரசப் பரிசுகளை வீரர்களுக்குப் பகிர்ந்தளித்தவர் என்றும், மகனோ பொன்னையும் பட்டையும் வீட்டில் சேர்த்துவைத்து வாங்கத்தக்க நிலம் தேடுபவன் என்றும் எழுதி விண்ணப்பித்தார். அது ஏற்கப்படாதபோது, தோல்வியின் தண்டனை தன்மேல் விழாது என்ற வாக்குறுதியையேனும் பெற்றுக்கொண்டார்.

சின் மறைவாக அனுப்பிய தளபதி பாய் சி, பின்வாங்குவதாக நடித்து, துரத்திவந்த படையை இரண்டாகப் பிளந்து உணவுவழியை அடைத்தார். 46 நாள் பட்டினிக்குப் பின் ஜாவோ குவோ அம்புபட்டு இறந்தார்; சரணடைந்தோர் கொல்லப்பட்டனர். அவர்கள் 4 லட்சம் பேர் என்ற 'ஷிஜி'யின் கணக்கை ஆய்வாளர் பலர் மிகையென்பர். எனினும், 1995-இல் அப்பகுதியின் யோங்லு சிற்றூரில் தோண்டப்பட்ட புதைகுழியில் கிடைத்த, வெட்டுக்காயங்கள் பதிந்த எலும்புகள் படுகொலை மெய்யென்பதைக் காட்டுகின்றன.

தொடர் காகிதத்தைச் சுட்டினாலும், அக்காலத்தில் நூல்கள் பெரும்பாலும் மூங்கில் பட்டைகளில் எழுதப்பட்டன. காகிதம் எழுதுபொருளாகப் பரவியது பல தலைமுறைகளுக்குப் பின்னரே. ஆகவே, தொடரின் சொல்லமைப்பு பிற்காலத்தவரின் ஆக்கமே ஆகும். அவர்கள் பழியனைத்தையும் ஓர் இளைஞர்மேல் சுமத்தினர். ஆனால், தந்தையும் தாயும் அமைச்சரும் முன்னறிந்து கூறியதைப் பதிவுசெய்த 'ஷிஜி'யைப் படிப்போர்க்கு, சாங்பிங்கின் முதற் குற்றவாளி அந்த எச்சரிக்கைகளைப் புறந்தள்ளிய மன்னனே என்பது விளங்கும்.